விருந்தும் மருந்தும்

“இனி ஹாஸ்பிஸ் பராமரிப்பே நல்லது” என்று மருத்துவர் கூறும்போது, உடனிருப்போர் பலர் அதனைக் “கைவிட்டுவிட்டார்கள்” என்றே பொருள்கொள்கின்றனர். மாகறலிலிருந்தும் காஞ்சியைச் சூழ்ந்த பிற ஊர்களிலிருந்தும் வரும் குடும்பத்தாரிடம் இந்த அச்சத்தைக் கண்டிருக்கிறேன். அச்சொல்லின் பிறப்பை அறிந்தால் அச்சம் சற்றுத் தணியும் என்பது என் கருத்து.

ஹாஸ்பிடல், ஹாஸ்பிஸ் ஆகிய இரண்டும் ‘ஹாஸ்பெஸ்’ என்னும் ஓர் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. விருந்தினர், விருந்தோம்புபவர் ஆகிய இருவரையும் அச்சொல் குறிக்கும். இடைக்கால ஐரோப்பாவில் வழிப்போக்கர்க்கும் நோயுற்றோர்க்கும் இடமளித்த அறச்சாலைகள் இப்பெயர்களைத் தாங்கின. காலப்போக்கில் பொருள் பிரிந்தது. நோயைத் தீர்த்து வீட்டிற்கு அனுப்ப முயல்வது ஹாஸ்பிடல். நோய் தீராது என்ற நிலையிலும் வலி, மூச்சுத்திணறல், மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணித்து, எஞ்சிய நாள்களை அமைதியாகக் கழிக்கத் துணைநிற்பது ஹாஸ்பிஸ். 1967இல் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் இப்பொருளை நிலைபெறச் செய்தது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் தோன்றியது.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம் பழமொழி. ஆயின் மூன்று நாளில் அடங்காத நோய்களும் உள. மருந்தால் நோய் தீராதென்று தெரிந்தபின் விருந்தோம்பலையும் நிறுத்திவிடலாமா? திருக்குறளின் 950ஆவது குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்க்கிறது. நோய் தீராத நிலையிலும் அந்நான்காமவரின் பணி தீர்ந்துவிடுவதில்லை. அப்போதுதான் அது மிகுதியும் வேண்டப்படுகிறது.

வலி தணிப்புச் சிகிச்சையை இறுதி நாள்களுக்கென்று ஒதுக்கிவைப்பதும் தவறு. நோய் தீர்க்கும் சிகிச்சை நடைபெறும்போதே அதனையும் உடன்பெறலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கும் வலி தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுபற்றிக் கேட்டறியலாம்.

ஆகவே, அன்பர்களே, ஹாஸ்பிஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனம் தளர வேண்டா. “வலியைக் குறைக்க என்ன செய்வீர்கள்? இரவில் வலி மிகுந்தால் யாரை அழைப்பது? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியவை யாவை?” என்று மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். நோயாளி இறுதிவரை நம் விருந்தினரே.