கேமிங் சேரா, ஆபீஸ் சேரா? 15,000 ரூபாய் கொடுக்கும் முன் வீட்டில் அளக்க வேண்டியது என்ன?

ஒரு நாற்காலியின் அட்டைப்பெட்டியில் 'எர்கோனாமிக்' என்று அச்சிட இந்தியாவில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால்தான் 6,000 ரூபாய் சேரிலும் அந்தச் சொல் இருக்கிறது, லட்ச ரூபாய் சேரிலும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ், மீதி நாள் வீடு என்ற ஹைபிரிட் முறை ஐடி ஊழியர்களுக்குப் பழகிவிட்டது. பகலில் லேப்டாப்பில் வேலை, இரவில் அதே மேசையில் கேம் என்று ஓடும் வீடுகளில் ஒரே சேர் ஒரு நாளைக்கு 10, 12 மணி நேரம் உழைக்க வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் சேரில் ஆறு மாதம் உட்கார்ந்து இடுப்பு வலி வந்த பிறகுதான் பலரும் ஆன்லைனில் தேடவே ஆரம்பிக்கிறார்கள். தேடினால் முதலில் கண்ணில் படுவது சிவப்பும் கறுப்புமாக, ரேஸ் கார் சீட் போல இருக்கும் கேமிங் சேர்.

ரேஸ் கார் சீட் வீட்டுக்குள் வந்த கதை

அந்தத் தோற்றம் தற்செயலானது இல்லை. கார் சீட் தயாரிப்பிலிருந்து வந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-ல் அதே வடிவத்தை மேசை நாற்காலிக்குக் கொண்டுவந்தது. பிறகு இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளும் கேம் ஸ்ட்ரீமர்களும் அதைப் பிரபலமாக்க, 'கேமிங் சேர்' என்றாலே இந்த வடிவம்தான் என்றாகிவிட்டது.

ரேஸ் கார் சீட்டின் இரண்டு பக்கமும் மேடாகத் தூக்கி இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநரின் உடல் பக்கவாட்டில் சரியும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் அந்த மேடு. வேளச்சேரி அபார்ட்மென்ட்டில் ஓடாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எதற்கு? தோள் அகலமானவர்களுக்கு மேல்பக்க மேடு தோளை முன்னால் தள்ளும். கீழ்ப்பக்க மேடு தொடையை இடிக்கும். நம் ஊரில் பாதிப் பேர் சேரிலும் காலை மடக்கி சம்மணம் போட்டுத்தான் உட்காருவார்கள். அதற்கும் இந்த சீட் இடம் கொடுக்காது.

எல்லா கேமிங் சேரும் மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. சீட் தட்டையாகவும், இடுப்புத் தாங்கி முதுகுப்பகுதிக்குள்ளேயே பொருத்தி மேலும் கீழும் நகர்த்தும்படியும் இருக்கும் மாடல்கள் இருக்கின்றன. பட்டையில் கட்டித் தொங்கும் சின்னத் தலையணையை 'லம்பார் சப்போர்ட்' என்று சொல்லி விற்கும் மாடல்களில்தான் உஷாராக இருக்க வேண்டும். எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அது இடம் மாறிவிடும்.

90 டிகிரியில் நிமிர்ந்து உட்காருவதுதான் சரியா?

பள்ளியிலிருந்தே 'நேரா உட்காரு' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். 1960-களில் ஸ்வீடன் ஆய்வாளர் ஆல்ஃப் நாக்கெம்சன் முதுகெலும்பு வட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்றார். 1999-ல் ஜெர்மனியின் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டில் சென்சார் பொருத்தி மறுபடியும் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், தளர்வாக உட்காரும்போது அதைவிடக் கொஞ்சம் குறைவு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபோது இன்னும் குறைவு. ஒரே ஒரு ஆளை வைத்து நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2006-ல் ஸ்காட்லாந்தில் 22 பேரை வைத்து நடந்த எம்ஆர்ஐ ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டியது. 90 டிகிரியில் விறைப்பாக உட்காரும்போது வட்டுகள் அதிகம் நகர்ந்தன, 135 டிகிரி சாய்வில் குறைவாக நகர்ந்தன. அதற்காக 135 டிகிரியில் சாய்ந்துகொண்டு எக்செல் ஷீட் போட முடியாது, கை கீபோர்டுக்கு எட்டாது. டைப் செய்யும்போது 100 முதல் 110 டிகிரி, மீட்டிங் கேட்கும்போது இன்னும் கொஞ்சம் சாய்வு என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்போ சேரில் பார்க்க வேண்டியது 180 டிகிரி படுக்குமா என்பதை அல்ல. சாய்வை எத்தனை இடத்தில் லாக் செய்யலாம், லாக் எடுத்துவிட்டால் உடல் எடைக்கு ஏற்ப தாங்கிப் பிடிக்கிறதா என்பதைத்தான். முதுகு இரண்டு பங்கு சாயும்போது சீட் ஒரு பங்கு மட்டும் சாயும் 'சிங்க்ரோ டில்ட்' இருந்தால், கால் தரையை விட்டுத் தூக்காது.

கால் தரையில் படுகிறதா?

சேர் விளம்பரங்கள் அதிகம் பேசாத விஷயம் இதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

ஒருவர் உட்காரும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம், தோராயமாக அவரது மொத்த உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. 5 அடி, அதாவது 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 38 செ.மீ. பல கேமிங் சேர்களின் சீட்டை முழுக்க இறக்கினாலும் 43, 45 செ.மீ.க்குக் கீழே போகாது. பாதம் தொங்கும், சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்தும், கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. அலுவலக நாற்காலிகளின் உயரக் கணக்கில் பொதுவாக ஷூவின் தடிமனுக்காக இரண்டரை செ.மீ. வரை சேர்த்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வீட்டுக்குள் யார் ஷூ போடுகிறார்கள்? செருப்பு வாசலிலேயே நின்றுவிடும். அந்த இரண்டரை செ.மீ.யும் சேர்ந்து காலுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளியாகிவிடுகிறது.

சேரை இறக்கினாலும் பிரச்னை முடியாது. கடையில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். மேலே சொன்ன பெண்ணுக்கு முழங்கை உயரம் தரையிலிருந்து சுமார் 60 செ.மீ. மேசைக்கு ஏற்றபடி சேரை உயர்த்தினால் கால் தொங்கும். காலுக்கு ஏற்றபடி இறக்கினால் தோளைத் தூக்கிக்கொண்டு டைப் செய்ய வேண்டும். இதற்கு 30,000 ரூபாய் சேர் தீர்வு இல்லை. மேசைக்குக் கீழே கீபோர்டு வைக்க இழுப்புத் தட்டும், காலுக்கு ஒரு சின்ன ஸ்டூலோ பலகையோ போதும். உயரமான ஆட்களுக்கு எதிர்ப்பிரச்னை: சீட்டின் ஆழம் போதாமல் பாதித் தொடை காற்றில் நிற்கும்.

ஆழத்துக்கு ஒரு எளிய சோதனை. முதுகு முழுக்கப் பின்னால் பட உட்கார்ந்தால், சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். விரல் நுழையவில்லை என்றால் அந்த சேர் உங்களுக்குப் பெரியது. 1994-ல் வந்த ஹெர்மன் மில்லரின் ஏரான் நாற்காலியே ஏ, பி, சி என்று மூன்று சைஸில்தான் விற்கப்படுகிறது. செருப்புக்கு சைஸ் கேட்கும் நாம் சேருக்கு மட்டும் கேட்பதில்லை.

வெயிலும் ரெக்சினும்

கேமிங் சேர்களில் அதிகம் வருவது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல், கடைக்காரர் பாஷையில் ரெக்சின். ஈரப்பதமும் வியர்வையும் அந்தப் பூச்சைச் சிதைக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாத அறையில் வைத்தால், சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும். வலை முதுகோ துணி சீட்டோ நம் வெயிலுக்குப் பொருத்தம். வலையில் விறைப்பு முக்கியம். கடையில் கையால் அழுத்தும்போதே தொய்வாக இருந்தால் ஒரு வருடத்தில் ஊஞ்சல்தான்.

சக்கரத்தையும் கவனிக்கணும். கெட்டியான நைலான் சக்கரம் கார்ப்பெட் தரைக்கானது. டைல்ஸ், கிரானைட் தரையில் அது வழுக்கும், சத்தமும் போடும். மேலே மென்மையான பூச்சு உள்ள சக்கரம் கேட்டு வாங்கலாம், தனியாகவும் மாற்றலாம். உயரத்தை ஏற்றி இறக்கும் குழாயைக் கடையில் 'ஹைட்ராலிக்' என்பார்கள். உள்ளே இருப்பது எண்ணெய் இல்லை, அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயு. 'கிளாஸ் 4' என்று போட்டிருந்தால் சுவர் தடிமனான வகை. அதிக எடை உள்ளவர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது.

முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது?

விளம்பரங்களில் வரும் 'பிஃப்மா' என்பது அமெரிக்காவின் ஃபர்னிச்சர் தயாரிப்பாளர்கள் சங்கம். அதன் எக்ஸ் 5.1 தரநிலை அலுவலக நாற்காலி உடையாமலும் கவிழாமலும் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தியாவுக்கும் வேலை நாற்காலிகளுக்கென ஐஎஸ் 17631 என்ற தரநிலை 2022-ல் வந்தது. ஃபர்னிச்சர்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2025 பிப்ரவரியில், ஓராண்டு அவகாசத்துடன் அறிவித்தது. வேலை நாற்காலிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இது நல்ல விஷயம். மட்டமான சேரின் கால் உடைந்து விழுவது நிஜமான ஆபத்து. ஆனால் முத்திரை உறுதியைத்தான் சொல்லும். அந்த சேர் உங்கள் காலுக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

விலை விஷயத்தில், 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்தில் மூங்கில், பிரம்பு ஃபர்னிச்சருக்குத்தான் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. இந்த வகை சேர்களுக்கு 18 சதவீதம் அப்படியே தொடர்ந்தது. 15,000 ரூபாய்க்குப் புது கேமிங் சேர் வாங்குவதைவிட, நிறுவனங்கள் காலி செய்த ஆபீஸ்களிலிருந்து வரும் பழைய தரமான சேர் பல நேரம் லாபம். சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து, உயரத்தை ஏற்றிவிட்டு 10 நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தானாக இறங்கினால் கேஸ் குழாய் போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் காசை யார் கொடுக்கணும்?

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது நிறுவனத்தின் வளாகத்தைப் பற்றி. வேலை வீட்டுக்கு வந்தபோது மின்கட்டணத்தோடு சேர்ந்து சேர் செலவும் ஊழியர் தலையில் விழுந்தது. ஜெர்மனியில் ஒப்பந்தம் போட்டு வீட்டிலிருந்து வேலை வாங்கினால், மேசை நாற்காலி ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு என்று 2016 முதல் விதி இருக்கிறது. 2020-ல் கூகுள் தன் ஊழியர்களுக்கு வீட்டு உபகரணம், ஃபர்னிச்சர் செலவுக்கு 1,000 டாலர் அறிவித்தது.

இங்கே சில நிறுவனங்களிலும் கொரோனா காலத்தில் தொடங்கிய இந்தச் சலுகை பாலிசியில் ஓரமாக இருக்கும், யாரும் கேட்காததால் அப்படியே கிடக்கும். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுப் பார்க்கலாம். பணம் திரும்பக் கிடைக்கும் என்றால், பில் யார் பெயரில் வேண்டும் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். வாரண்டியும் அந்தப் பில்லோடுதான் வரும்.