கொள்ளுத்தாத்தா எழுதிய ‘லை’

சென்ற வாரம் நம் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய கணக்குப் புஸ்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்த அவளுடைய கொள்ளுத்தாத்தா 1961-ஆம் வருஷம் எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆயினும் வரிக்கு வரி அந்தப் பெண் தடுமாறினாள். சேலை, விலை, வேலை என்று ‘லை’ வந்த இடமெல்லாம் முன்னால் இரட்டைச் சுழியைக் காணோம். ‘ல’வின் தலைமேல் யானைத் துதிக்கை போன்ற ஒரு வளைவுதான் இருந்தது.

“இது தமிழ்தானா, ஸார்?” என்றாள்.

தமிழேதான். ணா, றா, னா முதலியவற்றுக்கும், ணை, லை, ளை, னை என்பவற்றுக்கும் முன்னே தனி வடிவங்கள் இருந்தன. 1935-இல் பெரியார் தமது ‘குடி அரசு’ பத்திரிகையில் அவற்றை மாற்றி அச்சிடலானார். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 13 எழுத்துக்களுக்கு அம்மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. குழந்தைகளுக்குச் சிரமம் குறைந்தது. அச்சுக் கோப்பவருக்கும் அப்படியே. நல்ல காரியம் என்பதே நம் அபிப்பிராயம்.

அரசு எழுத்தைச் சீர்படுத்துவது புதிதன்று. ஐரோப்பாவில் பிராங்கிய அரசர் ஷார்லமேன் 789-இல், மடங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், நூல்களைப் பிழையறத் திருத்த வேண்டும் என்று கட்டளையிட்டார். ஊருக்கு ஒரு விதமாகப் பின்னிக் கிடந்த எழுத்துக்கள் போய், தனித்தனியே நிற்கும் தெளிவான சிற்றெழுத்துக்கள் அவர் ராஜ்யமெங்கும் பரவின. இன்றைய ஆங்கிலச் சின்ன எழுத்துக்களுக்கு அவையே மூதாதை. (அரசரோ எழுதப் பழக ஆசைப்பட்டுத் தலையணைக்கு அடியிலேயே பலகை வைத்திருந்தாராம். வயது கடந்து தொடங்கியதால் கை வசப்படவில்லை!) ஆனால் அங்கே ஒன்று செய்தார்கள். பழைய லத்தீன் நூல்களைத் துறவிகள் புதிய எழுத்தில் படியெடுத்தார்கள். அதனாலேயே பிழைத்த நூல்கள் அநேகம்.

நாமோ எழுத்தை மாற்றினோம். பழைய கடிதங்களையும் கணக்குகளையும் பரண்மேல் ஏற்றிவிட்டோம். நம் ஊர்க் கைலாசநாதர் கோயில் சுவர்களில் ராஜசிம்ம பல்லவனின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கொடி வேலைப்பாடு என்றெண்ணிக் கடந்து போகிறோம். 1,300 ஆண்டுப் பழமை, போகட்டும். கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்துமா?

நாமும் 1978-க்குப் பிறகு பள்ளியில் சேர்ந்தவர்தாம். பழைய வடிவங்களை வீட்டிலிருந்த புஸ்தகங்களில் கற்றோம். அந்த 13 எழுத்துக்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். அரை மணி கூட ஆகவில்லை. பெண் எழுந்து நின்று உரக்கப் படித்தாள்:

“முந்திக்கு ஜரிகை போதவில்லை. வேலை நின்றது. நாளை முதலாளியைக் கேட்க வேண்டும்.”

முதலாளி ஜரிகை கொடுத்தாரா? அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொல்லி வகுப்பு முழுவதும் இரைந்தது.