தலைநகரை அரை நாளில் காட்டலாமா?

நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் என்ன நடக்கிறது என்பதை அன்பர்கள் அனைவரும் அறிவீர்கள். காலை வண்டியில் வந்து இறங்குவார்கள். குளித்து, பலகாரம் முடித்து, பத்மநாப சுவாமி தரிசனம். மதியம் வாடகைக் கார் பிடித்துக் கோவளம். திரும்பும் வழியில் சாலை பஜாரில் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ. இரவு வண்டி. என் மைத்துனர் மதுரையிலிருந்து வந்தபோது, "அவ்வளவுதானே மாப்பிள்ளை, வேறென்ன இருக்கு உங்க ஊர்ல? ராத்திரி வண்டிக்கு டிக்கெட் பாருங்க" என்றார். நானும் பார்த்துக் கொடுத்தேன். ரயில்வேக்காரனிடம் உறவினர் கேட்பதும் அதைத்தானே!

அவர் சொன்னது தவறு என்று எனக்கு உறைத்தது இந்த ஊரில் அல்ல, ஐரோப்பாவில். ஓய்வு பெற்ற பின் மகள் குடும்பத்துடன் செக் நாட்டுத் தலைநகரான பிராக் நகருக்குச் சென்றிருந்தேன். பழைய நகருக்கு நடுவில் 1410-ஆம் ஆண்டில் செய்த ஒரு கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது ஓர் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும். மேலே இரண்டு ஜன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் பன்னிருவர் வரிசையாக வந்து போவார்கள். கடைசியில் ஒரு சேவல் கூவும். இதைப் பார்க்க ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கணக்கானோர் கழுத்தை அண்ணாந்துகொண்டு நிற்கிறார்கள். நானும் நின்றேன். பேரனிடம் பெருமையாக, "இந்த மாதிரி ஒன்று நம் ஊரிலும் உண்டு. பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, தாடிக்காரன் முகம். மணி அடிக்கும்போது அவன் வாயைத் திறப்பான், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும்" என்றேன். அவன் கேட்டான்: "நீங்க பார்த்திருக்கீங்களா தாத்தா?"

என்ன பதில் சொல்வது? முப்பது வருடங்களுக்கு மேல் ஆரியசாலையில் குடியிருந்தும், அந்த மேத்தன் மணியின் கீழே ஒரு மணி நேரம் முடியும்வரை நான் நின்றதே கிடையாது. பற்சக்கரத்தையும் நெம்புகோலையும் படித்த டிப்ளமோக்காரன் நான்! திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் போய் நின்று பார்த்தேன். (அது அவ்வப்போது பழுதாகி நிற்பதும் உண்டு. போகிறவர்கள் முதலில் முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.)

அங்கே அவர்கள் செய்வது மிக எளிய காரியம். விருந்தாளியைப் பழைய ஊருக்குள்ளேயே தங்க வைக்கிறார்கள், நடக்க வைக்கிறார்கள். நாங்கள் மூன்று இரவு தங்கினோம். இரண்டாம் நாள்தான் ஊர் பிடிபட்டது. இங்கே நாமோ பழைய தலைநகரின் வாசலிலேயே குடியிருந்துகொண்டு, வந்தவரை அரை நாளில் வழியனுப்பி விடுகிறோம்.

இது நமக்கும் தலைநகராக இருந்த ஊர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். திருவிதாங்கூரின் தலைநகர் முன்பு பத்மநாபபுரம். கார்த்திகைத் திருநாள் மகாராஜா காலத்தில், 1795-இல், அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்தது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நாகர்கோவிலில் பிறந்த என் தகப்பனாருக்குக் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கல்யாணச் சாமான் எல்லாமே திருவனந்தபுரம்தான். அப்போது ரயில் கிடையாது, பஸ்தான். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல். அந்தப் பஸ்ஸில் அவர் மடியில் உட்கார்ந்து சாலை பஜாருக்கு வந்த நினைவு எனக்கு உண்டு. எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போனோம்.

ஆரியசாலைக்காரர்கள் சற்றுக் கர்வப்படவே காரணம் இருக்கிறது. நவராத்திரிக்கு மூன்று தெய்வங்கள் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு இங்கே வருகின்றன: பத்மநாபபுரம் அரண்மனையின் சரஸ்வதி, வேலிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை. முதல் இரவு குழித்துறையிலும் மறு இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்கி, மூன்றாம் நாள் மாலை ஊர் வந்து சேர்கிறார்கள். களியக்காவிளை எல்லையில் இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செய்கிறார்கள். கம்பர் வழிபட்ட சரஸ்வதி அது என்பது ஐதீகம். அவள் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் தங்குகிறாள். நங்கை செந்திட்டைக் கோயிலில். நம் வேலிமலை முருகன் தங்குவது ஆரியசாலை அம்மன் கோயிலில்! விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருள்கிறார். என் மகன் இந்தத் தெருவில் பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவன். முருகன் ஏன் வருடாவருடம் நம் தெருவுக்கு வருகிறார் என்று அவனுக்கு இருபத்தைந்து வயது வரை தெரியாது. குற்றம் அவனுடையது அல்ல. நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தண்டவாளமும் ஜல்லியும் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஆகவே, வருகிறவர்களைக் குறைந்தது இரண்டு இரவு தங்க வையுங்கள் என்பதே என் கருத்து. வீட்டில் இடமில்லை என்றால் அறை எடுத்துக் கொடுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. தம்பானூரில் எல்லா வசதிக்கும் ஏற்ற விடுதிகள் உண்டு. டிக்கெட் கையில் இருந்தால் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே ஓய்வறை முன்பதிவு செய்யலாம். 1931-இல் திறந்த அந்தக் கருங்கல் கட்டிடத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்கவும் சொல்லுங்கள். கோவளத்தில் அறை எடுப்பதை மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். கடலைப் பார்க்கக் கன்னியாகுமரி போதும். விடியுமுன் கோயிலுக்கு நடந்து போகிற பாக்கியம் கோட்டைக்குப் பக்கத்தில் தங்கினால்தான் கிடைக்கும். ஆற்றுக்கால் பொங்கல் சமயத்தில் மாத்திரம் அறையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் நாள் கார் வேண்டாம். கிள்ளிப்பாலத்திலிருந்து சாலை பஜார் வழியாகக் கிழக்கேகோட்டைக்கு நடக்கட்டும். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுக் கோட்டைக்குள் நுழைந்தால் குளம், மேத்தன் மணி, குதிரைமாளிகை எல்லாம் கைக்கெட்டும் தூரம். குதிரைமாளிகை சுவாதித் திருநாள் கட்டியது. கூரையைத் தாங்குவது போல வெளிப்புறம் 122 மரக்குதிரைகள். எண்ணிப் பார்க்கச் சொன்னால் குழந்தைகள் சிணுங்காமல் வருவார்கள். கோயிலில் மூன்று வாசல் வழியே அனந்தசயனத்தைத் தரிசித்ததும் ஓடி வந்துவிடாமல், ஒற்றைக்கல் மண்டபத்தையும் நீண்ட பிரகாரத்தையும் நிதானமாகப் பார்க்கட்டும். வருடத்தில் இரண்டு தடவை, பகலும் இரவும் சமமாகும் நாளில், மாலைச் சூரியன் கோபுரத்தின் வாசல்களில் ஒவ்வொன்றாக இறங்கித் தெரியும். கணக்குப் போட்டுக் கட்டியவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஐப்பசி, பங்குனித் திருவிழா ஆராட்டுக்கு சுவாமி சங்குமுகம் கடலுக்குப் போகும்போது விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்துதான் போகிறார். அதற்காக விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. லெவல் கிராசிங்கில் வேலை பார்த்த எனக்கு இதைவிட இன்பமான செய்தி கிடையாது.

இரண்டாம் நாள் பாளையம் பக்கம். 1869-இல் முடிந்த செக்ரடேரியட் கட்டிடம், அதைத் தாண்டினால் மசூதி, கிறிஸ்தவத் தேவாலயம், பிள்ளையார் கோயில் மூன்றும் அக்கம்பக்கமாக. அப்புறம் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடித்த நேப்பியர் மியூசியம். அதே தோட்டத்தில் ரவி வர்மா ஓவியங்கள் உள்ள சித்திரசாலை. திங்கட்கிழமை எல்லாம் பூட்டு. இது தெரியாமல் ஒரு சம்பந்தி வீட்டாரைத் திங்களன்று அழைத்துப்போய் வாசலில் அசடு வழிந்திருக்கிறேன்.

நம் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளையும் சேர்த்துக் கோட்டைக்குள் நடத்திக் கூட்டிப்போகலாமே? செலவு ஆளுக்கு ஒரு காபி. தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். என் தெருவிலேயே பழைய ஓட்டு வீடுகள் இடிந்து கடை வரிசையாகிவிட்டன. முதல் ஞாயிறுக்கு நான் தயார். முழங்கால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வரும்.

மைத்துனரை வரும் நவராத்திரிக்கு அழைத்திருக்கிறேன். "ஒன்பது நாளா மாப்பிள்ளை?" என்று திகைத்தார். வேலிமலை முருகனே ஒன்பது நாள் தங்குகிறார், உங்களுக்கு என்ன அவசரம் என்றேன். திரும்பும் டிக்கெட்டை இந்தத் தடவை விஜயதசமிக்கு மறுநாள்தான் போடப்போகிறேன்.