எஃப்டி8 ஒன்றே போதுமா? கரிசல் காட்டிலிருந்து ஒரு மறுப்பு

ஹாம் ரேடியோக்காரர்கள் நடுவே நலிந்த சிக்னல் என்ற பேச்சு எழுந்தால் முதலில் வரும் பெயர் எஃப்டி8. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017-இல் வெளியிட்ட இந்த டிஜிட்டல் முறை மிகக் குறுகிய காலத்தில் உலகெங்கும் பரவியது. இரட்டைப் பல்சரைக் கண்டறிந்ததற்காக 1993-இல் ரசல் ஹல்ஸுடன் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அதே டெய்லர்தான் இவர். வானத்திலிருந்து வரும் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதில் கை தேர்ந்தவர் உருவாக்கிய கருவி அது; அதன் அருமையை நான் குறைத்துப் பேச வரவில்லை.

அந்த அருமையின்மேல் கட்டப்பட்ட ஒரு கருத்தைத்தான் மறுக்கிறேன். "நலிந்த சிக்னலுக்கு எஃப்டி8-ஐ விஞ்ச எதுவும் இல்லை. 160 மீட்டர் ஆனாலும், அதற்கும் கீழே 472, 136 கிலோஹெர்ட்ஸ் ஆனாலும் அதுவே போதும். அதில் எட்டாத தூரம் கோபுரம் வைத்திருப்பவர்களுக்கும் குளிர்நாட்டுக்காரர்களுக்கும் உரியது" என்பதே அந்தக் கருத்து. கழுகுமலையிலோ கோவில்பட்டியிலோ புதிதாகத் தேர்வெழுதி உரிமம் பெறும் ஒருவர் இதை நம்பினால், தாழ்ந்த அலைவரிசைகளைத் தொட்டுப் பார்க்காமலேயே கைவிட்டுவிடுவார். எனவே இந்தக் கருத்தை வாதம் வாதமாகப் பிரித்துப் பார்ப்போம்.

வாதம் 1: எஃப்டி8-தான் மிக நலிந்த சிக்னலையும் பிடிக்கும்

எண்கள் இதை ஏற்கவில்லை. 2500 ஹெர்ட்ஸ் அகல இரைச்சலோடு ஒப்பிட்டால் எஃப்டி8 பிடிக்கும் எல்லை ஏறத்தாழ -20.8 டெசிபெல். அதாவது இரைச்சலைவிட 120 மடங்கு நலிந்த சிக்னல். காதால் கேட்கும் மோர்ஸுக்குத் தேர்ந்த ஆபரேட்டரின் எல்லை சுமார் -15 டெசிபெல் என்பார்கள். அதோடு பார்க்கும்போது இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதே குழு 2021-இல் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளின் 2.3 பதிப்பில் எஃப்எஸ்டி4 என்ற இன்னொரு குடும்பத்தைத் தந்தது. அதில் 60 விநாடி முறை -28.1, 300 விநாடி முறை -35.3, அரை மணி நேரம் நீளும் 1800 விநாடி முறை -43.2 டெசிபெல் வரை இறங்குகிறது.

எஃப்டி8 உருவானது 50 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் சில நிமிடங்களே திறந்து மூடும் பாதைகளுக்காக. அங்கே வேகம்தான் முதல் தேவை; அதனால்தான் 15 விநாடிக்குள் செய்தியை முடிக்கிறது. எஃப்எஸ்டி4-ஐ அதன் ஆசிரியர்கள் வெளிப்படையாகவே தாழ்ந்த, நடுத்தர அலைவரிசைகளுக்கென்று வடிவமைத்தார்கள். எஃப்டி8 எல்லாவற்றுக்கும் போதும் என்று அதை உருவாக்கியவர்களே கருதவில்லை.

வாதம் 2: அப்படியானால் அட்டவணையில் ஆகத் தாழ்ந்த எண் எதுவோ அதுவே சிறந்த முறை

இது முதல் வாதத்தின் மறுபக்கம். அதைவிடக் கூடுதலாகக் குழப்புவது. எஃப்எஸ்டி4-க்கும் 15 விநாடி வடிவம் ஒன்று உண்டு. அதன் எல்லை -20.7 டெசிபெல். எஃப்டி8-க்கு -20.8. நேரம் சமமானால் இரண்டும் சமம்! எனவே நீண்ட வடிவங்களின் வலிமைக்கு மந்திரம் எதுவும் காரணம் இல்லை, நேரமே காரணம். 60 விநாடியை 120 ஆக்கினால் 3.2 டெசிபெல், 900-ஐ 1800 ஆக்கினால் 3 டெசிபெல் கிடைக்கிறது. நேரம் இரட்டித்தால் சேரும் ஆற்றல் இரட்டிக்கும். இரட்டிப்பு என்றால் 3 டெசிபெல். கோடையில் ஊற்றுக்குப் பக்கத்தில் குடத்தோடு காத்திருப்பவர் அறிவார்: குடம் நிறைவது காத்திருப்பதால், ஊற்று பெருகியதால் அல்ல.

செய்தியின் அளவையும் பார்க்க வேண்டும். எஃப்டி8, எஃப்எஸ்டி4 இரண்டும் 77 பிட் செய்தி அனுப்புகின்றன. அதில் இருவர் பேசிக்கொள்ள முடியும். விஸ்பர் என்று ஹாம்கள் அழைக்கும் முறையும், எஃப்எஸ்டி4-இன் ஒருவழி வடிவமான எஃப்எஸ்டி4டபிள்யூவும் 50 பிட் மட்டுமே அனுப்புகின்றன: அழைப்புக் குறி, கட்டக் குறியீடு, சக்தி. இரண்டு நிமிட அளவில் எஃப்எஸ்டி4டபிள்யூ -32.8, எஃப்எஸ்டி4 -31.3. அந்த 1.5 டெசிபெல் பெரும்பாலும் செய்தி சுருங்கியதால் வந்தது. இதைப் பார்த்து ஒன்று மற்றதைவிடச் சிறந்தது என்பது, தந்தியையும் கடிதத்தையும் எடையால் ஒப்பிடும் பிழை. ஆனால் விஸ்பரும் எஃப்எஸ்டி4டபிள்யூ-120-உம் ஒரே நேரத்தில் ஒரே அளவு செய்தி அனுப்புகின்றன. அங்கே பின்னது சுமார் 1.4 டெசிபெல் முந்துவது உண்மையான முன்னேற்றம்.

பேச்சு முடிய ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒரு தொடர்பு முடிய ஆறு முறை அனுப்ப வேண்டும் என்று வைத்தால் எஃப்டி8-இல் ஒன்றரை நிமிடம், எஃப்எஸ்டி4-60-இல் ஆறு நிமிடம், 300-இல் அரை மணி, 1800-இல் மூன்று மணி நேரம். 160 மீட்டரில் விடியல் வேளையில் சில நிமிடங்களே சிக்னல் எழும்பும் பாதையில் 1800 விநாடி முறை பயன்படாது. அங்கே எஃப்டி8 அல்லது எஃப்எஸ்டி4-60. இரவு முழுதும் நிதானமாக நிற்கும் 136 கிலோஹெர்ட்ஸ் பாதையில் 15 விநாடி முறையைப் பிடித்துத் தொங்குவது வீண். முறையைத் தேர்வது பாதை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பொறுத்தது.

வாதம் 3: மெதுவான முறைகளுக்கு விலை உயர்ந்த, அசையாத அலைவெண் கொண்ட கருவி வேண்டும்

பாதி உண்மை. எஃப்எஸ்டி4-300-இல் ஒலிகளுக்கிடையே உள்ள இடைவெளி 0.56 ஹெர்ட்ஸ். அனுப்பும் ஐந்து நிமிடத்தில் அலைவெண் அதைவிட நகரக் கூடாது. 14 மெகாஹெர்ட்ஸில் இது கடினம். 475 கிலோஹெர்ட்ஸிலோ 0.56 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் சற்று மேல். வெப்பத்தைச் சமன்செய்யும் படிகம் உள்ள சாதாரண ரேடியோவே, அரை மணி நேரம் சூடாக விட்டபின், ஐந்து நிமிடத்துக்குள் அவ்வளவு நகராது. 136 கிலோஹெர்ட்ஸில் 1800 விநாடி முறையின் 0.089 ஹெர்ட்ஸ்கூடப் பத்து லட்சத்தில் 0.65 பங்குதான். அலைவெண் தாழத் தாழ நகர்வும் தாழ்கிறது. மெதுவான முறைகள் தாழ்ந்த அலைவரிசையில்தான் எளிதாகின்றன. அயன மண்டலம் சிக்னலைக் கலைக்கும் அளவும் அங்கே மிகக் குறைவு.

கரிசல் வட்டாரத்தின் உண்மையான எதிரி வெப்ப ஏற்றத்தாழ்வு. மின்விசிறிக் காற்று நேராகப் படும் இடத்தில் ரேடியோவை வைக்காதீர்கள். கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்கட்டும். இவை இரண்டும் காசு கேட்பவை அல்ல.

வாதம் 4: வானுயர்ந்த கோபுரம் இல்லாமல் தாழ்ந்த அலைவரிசை இல்லை

நம் தெற்கிலேயே இந்த நம்பிக்கைக்கு ஓர் ஊற்றுக்கண் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம், நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் சுமார் 18 கிலோஹெர்ட்ஸில் செய்தி அனுப்புகிறது. அங்கே கோபுரங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம். அந்தப் பணிக்கு அது தேவை: எந்த வேளையிலும், கடல்நீரைத் துளைத்து, தவறாமல் சேர வேண்டும். ஹாமின் பணி அது அல்ல. உலக வானொலி மாநாடு 136 கிலோஹெர்ட்ஸுக்கு 2007-இலும், 472 கிலோஹெர்ட்ஸுக்கு 2012-இலும் வகுத்த பொது வரம்பே ஒரு வாட் சமதிசைக் கதிர்வீச்சுச் சக்திதான் (இஐஆர்பி).

அந்த ஒரு வாட்டுக்கு என்ன வேண்டும்? 15 மீட்டர் கம்பம், உச்சியில் விரித்த கம்பிகள், அடியில் பெரிய சுருள். 475 கிலோஹெர்ட்ஸில் இதன் கதிர்வீச்சுத் தடை ஏறத்தாழ 0.9 ஓம். நில இழப்பு 30 ஓம் என்று கொண்டால் திறன் மூன்று விழுக்காடு. ஆனாலும் வரம்பு சமதிசைச் சக்தியில் அளக்கப்படுவதால், ஆண்டெனாவின் திசைப் பெருக்கத்தையும் சேர்த்து 12 வாட் அளவு ஊட்டினாலே அதை எட்டிவிடலாம். 136 கிலோஹெர்ட்ஸில் அதே கம்பத்துக்கு 150 வாட் அளவு வேண்டும். அப்போது சுருளின் உச்சியில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அண்டாதபடி வேலி போடுங்கள்.

இந்தக் கணக்கைத் தீர்மானிப்பது அந்த 30 ஓம் நில இழப்புதான். இங்கேதான் கரிசல் கைகொடுக்கிறது. ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் களிமண் இது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கோடையில் மேல்மண் வெடித்துக் காய்ந்தாலும் ஆழத்தில் ஈரம் தங்கும். மாறாக, உயரம் கிடைக்கும் என்று கழுகுமலைப் பாறைமேல் ஆண்டெனா வைக்க நினைப்பது வீண். விஎச்எஃப்-க்கு உயரம் உதவும். தாழ்ந்த அலைவரிசைக்குக் கருங்கல் மோசமான தரை. அடிவாரத்துக் கரிசல் வயலே மேல். அந்த மலை வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் உரியதாகவே இருக்கட்டும்.

வாதம் 5: வெப்பமண்டல இரைச்சலில் எதுவும் கேட்காது

இதில் உண்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. மேலே சொன்ன டெசிபெல் எண்கள் எல்லாம் சீரான இரைச்சலில் கணக்கிட்டவை. சித்திரை இடியும் ஐப்பசி இடியும் சீரானவை அல்ல, படபடவென்று வெடிப்பவை. அந்த மாதங்களில் அட்டவணை எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். ஆனால் தை, மாசி இரவுகளில் இடி அடங்கிய வானம் கிடைக்கிறது. இன்னொரு வாய்ப்பும் இங்கே உண்டு: மானாவாரிக் காட்டில் பம்புசெட் இல்லை, அதனால் மின்கம்பியும் குறைவு. வீட்டு எல்இடி விளக்குகளிலிருந்தும் காற்றாலைகளிலிருந்தும் விலகி, அப்படி ஒரு நிலத்தில் சிறிய வளைய ஆண்டெனாவை வைத்து, இரைச்சல் வரும் திசை மங்கும்படி திருப்பினால் நகரத்து ஹாமுக்குக் கிடைக்காத அமைதி கிடைக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனருகே 160 மீட்டர் போன்ற அலைவரிசைகளில் கிழக்கு-மேற்குப் பாதைகளுக்குச் செங்குத்து ஆண்டெனா இழப்பைத் தரும். அந்தத் திசைகளுக்குக் கிடைமட்டக் கம்பியையும் வைத்து ஒப்பிடுங்கள். இது எந்த டிஜிட்டல் முறையாலும் மறையாத குறை; ஆனால் எஃப்டி8-க்கும் அதே குறைதான்.

வாதம் 6: எஃப்டி8-இல்தான் ஆள் இருக்கிறார்கள்

உண்மைதான். பதில் கிடைக்க வேண்டுமானால் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். ஆனால் விஸ்பரும் எஃப்எஸ்டி4டபிள்யூவும் எதிரே ஆள் விழித்திருப்பதைக் கேட்பதில்லை. கேட்கும் நிலையங்கள் தாமாகவே பதிவை இணையத் தரவுத்தளத்துக்கு அனுப்புகின்றன. காலையில் எழுந்து யார் கேட்டார்கள் என்று பார்க்கலாம். அப்படித் தெரிந்த பாதையில் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு எஃப்எஸ்டி4-இல் இருவழித் தொடர்பு முடிக்கலாம். கூட்டம் இல்லாத வயலில் யாரும் விதைக்காவிட்டால் அது தரிசாகவே கிடக்கும்.

தீர்ப்பு

எஃப்டி8 வேகத்துக்கான கருவி. தாழ்ந்த அலைவரிசையின் தூரத்துக்கு அது மட்டும் போதாது. எந்த முறையையும் மற்றதோடு ஒப்பிடும்போது நேரத்தையும் செய்தி அளவையும் சமமாக வைக்காமல் டெசிபெல்லை மட்டும் சொல்வது தவறான ஒப்பீடு. பாதை சில நிமிடம் நின்றால் எஃப்டி8 அல்லது எஃப்எஸ்டி4-60. மணிக்கணக்கில் நின்றால் 300-உம் அதற்கு மேலும்.

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்து ஹாம்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தை, மாசி இரவுகளில், உங்கள் உரிமம் அனுமதிக்கும் அலைவரிசையில், ஒரே கம்பத்திலிருந்து, ஒரே சக்தியில், எஃப்டி8-ஐயும் எஃப்எஸ்டி4-60, 300 இரண்டையும் மாறி மாறி அனுப்புங்கள். நேரம், சக்தி, மண்ணின் ஈரம் மூன்றையும் எழுதி வையுங்கள். நம் பகுதி அடங்கிய எம்ஜே89 கட்டத்திலிருந்து அப்படிப்பட்ட பதிவுகள் வந்தால், இந்த விவாதத்தை நம் கரிசலின் எண்களே முடித்துவைக்கும்.