உபயப் பாக்கிக்கு மூணு போன், உதவி கேட்டவருக்கு ஒண்ணுகூட இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தோம். பேச்சு வழக்கமான இடத்துக்கே வந்து நின்னுச்சு. "அந்த ஃபிளாட் அக்கா இப்போ சர்ச்சுக்குப் போறாங்களாம், பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு." உடனே ஆளாளுக்கு ஆரம்பிச்சாச்சு. அரிசி கொடுத்து இழுக்கிறாங்க, ஆசை காட்டுறாங்க, மூளைச்சலவை பண்றாங்க.

எங்களில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். கவுண்டருக்குப் போய் நீல அட்டைப் புத்தகத்தைப் புரட்டினோம். அர்ச்சனைச் சீட்டு விற்கும் இடத்தில், குங்குமத் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்குமே, அதேதான். இருந்தது. "கணவர் தவறிவிட்டார். கருமக்கிரியைக்கு யாரைப் பார்ப்பது? பிள்ளைகள் இருவரையும் சமய வகுப்பில் சேர்க்க வேண்டும். போன் செய்யவும்." அவங்க சொல்லச் சொல்ல எழுதினது எங்க ஆள். கையெழுத்து எங்களுடையது. எதிரே 'நடவடிக்கை' என்ற கட்டம் ஏழு மாசமா காலி.

(யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

வெட்கத்தோடுதான் போன் போட்டோம். அவங்க திட்டலை. திட்டியிருந்தா தேவலை. "பரவாயில்லைங்க. கூட வேலை செய்யிறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க சபைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமையே அங்கிருந்து போன் பண்ணி, சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க" என்றார். அரிசி இல்லை, காசு இல்லை. ஒரு போன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போன் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டோம். எங்களில் ஒருவரின் ஆபீஸ் தோழி தன் சபையில் வரவேற்புக் குழுவில் இருக்கிறார். மறைக்காமல் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். யாருடைய பெயரும் தெரியாத மாதிரி காலியான ஒரு மாதிரிப் பக்கத்தைத்தான் காட்டினார், அதுவே எங்களுக்கு ஒரு பாடம். பிளானிங் சென்டர் என்று ஒரு அமெரிக்க மென்பொருள். சபைகளுக்காகவே எழுதியது. புதுசா வர்றவர் ஒரு சின்னச் சீட்டு நிரப்புவார், இல்லைன்னா கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுவார். பெயர், எண், என்ன வேணும். அது உள்ளே ஒரு அட்டையா மாறும். அட்டைக்குப் பொறுப்பா ஒரு ஆள், ஒரு கெடு தேதி. இரண்டு நாளுக்குள் போன், அப்புறம் நேரில் சந்திப்பு, அப்புறம் பொருத்தமான குழுவில் சேர்த்து விடுவது என்று படிப்படியா நகரும். பேசினவர் என்ன பேசினோம்னு நாலு வரி எழுதி வைக்கணும். கெடு தாண்டினா, தாண்டிடுச்சுன்னு தலைமேல் நிக்கும். பொறுப்பாளர் ஊருக்குப் போனா அட்டை அடுத்தவர் கைக்குப் போகும். இவ்வளவுதான். மந்திரமும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை.

இதைக் கேட்டதும் நம்ம பெரியவங்க சிலர், "கோயில் என்ன கம்பெனியா? பக்தி உள்ளவன் தானா வருவான்" என்றார்கள். ஐயா, மரியாதையோடு ஒன்று கேட்கிறோம். கும்பாபிஷேகத்துக்கு உபயம் சொன்னவங்க பட்டியலை யார் வச்சிருந்தது? எந்த வீடு எவ்வளவு சொன்னது, எவ்வளவு கட்டியது, பாக்கி எவ்வளவு, எல்லாம் வெள்ளிக் கணக்கில் நம்மிடம் இருந்தது. பாக்கி வச்ச வீட்டுக்கு மூணு தடவை போன் போச்சு. நாலாவது தடவை பொருளாளரே காரை எடுத்துக்கிட்டுப் போனார். அப்போ பக்தி உள்ளவன் தானா வந்து கட்டுவான்னு யாரும் சொல்லலையே! பெயர் எழுதி, ஆள் போட்டு, கெடு வச்சு, விடாமல் துரத்துற வேலை நமக்கு நல்லாவே தெரியும். பணத்துக்கு மட்டும் செய்கிறோம்.

தோட்டத்தில் இருந்தப்போ இதெல்லாம் தேவைப்படலை என்பது உண்மைதான். லயத்து வீட்டில் அடுப்பு எரியலைன்னா பக்கத்து வீட்டுக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்கு ஒருத்தர் வரலைன்னா தண்டலுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் கோயிலுக்கும் தெரியும். சாவு விழுந்தா யாரும் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம்ம சனங்க தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் சிதறின பிறகு, பத்தாவது மாடியில் யார் இருக்காங்கன்னு ஒன்பதாவது மாடிக்குத் தெரியாது. கோயில் மட்டும் இன்னும் லயத்து ஞாபகத்திலேயே இருக்கு. எல்லாரையும் தெரியும்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். தெரியாது.

மேடையில் 2020 கணக்கெடுப்பைக் காட்டிப் பேசுறோம். இந்நாட்டில் இந்துக்கள் 6.1 விழுக்காடு, 2010இல் 6.3. அந்தக் குறைவுக்கு மதமாற்றம்தான் காரணம்னு சொல்லவே முடியாது, பிறப்பு விகிதமும் இருக்கு. ஆனா கவலை உண்மையா இருந்தா, விழுக்காட்டை எண்ணுறதுக்கு முன்னாடி நீலப் புத்தகத்தை எண்ணலாம். நாங்க உட்கார்ந்து பார்த்தோம். நாலு பக்கம் நிறைய பெயர்கள். டிக் போட்டதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம்கூட வராது. வேலை தேடும் இளைஞர், தேவாரம் கத்துக்க ஆசைப்பட்ட பாட்டி, பொங்கல் வைக்கக் கைகொடுக்கிறேன்னு தானாகவே பெயர் கொடுத்த மூணு தம்பிங்க. உதவி பண்ண வந்தவங்களைக்கூட நாம கூப்பிடலை. அப்புறம் தொண்டூழியத்துக்கு ஆள் இல்லைன்னு வாட்சாப்பில் புலம்புறோம்.

இன்னொரு அசிங்கம். அந்தப் புத்தகம் திறந்தே கிடக்கு. சீட்டு வாங்க நிக்கிறவங்க யார் வேணும்னாலும் படிக்கலாம். குடும்பப் பிரச்சினைக்கு ஆலோசனை கேட்டு ஒரு அம்மா எழுதினதை, ஒரே வாரத்தில் பாதி தாமான் பேசிச்சு. அவங்க அப்புறம் கோயில் பக்கமே வரலை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சமய நம்பிக்கையைக்கூட நுண்ணிய தரவு என்று தனியே வகைப்படுத்துது. அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான், கோயிலைக் கட்டுமா என்று வாதாட வேண்டாம். சட்டம் கட்டாவிட்டாலும் மானம் கட்டணும். மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம்னு பூட்டு போடலாம். ரப்பர் பேண்டு போட்ட புத்தகத்துக்கு அது முடியாது.

"சர்ச்சுக்காரங்க சாமான் நமக்கு எதுக்கு" என்று ஒரு கேள்வி வந்துச்சு. நம்ம கணக்கு மென்பொருளை எழுதினவர் விபூதி பூசியிருந்தாரான்னு யாரும் பார்க்கலையே. கருவி பிடிக்கலைன்னா வேண்டாம். நாலைந்து பேர் மட்டும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஒரு அட்டவணை போதும். பெயர், என்ன கேட்டார், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், என்ன ஆச்சு. ஐந்து கட்டம். நாங்க பயப்படுறது வேற. மென்பொருள் வாங்கிட்டு, திறப்பு விழா நடத்தி, படம் எடுத்து முகநூலில் போட்டுட்டு அப்புறம் யாரும் திறக்காமல் விடுறது. நம்ம ஆலயத்தில் அப்படித் தூசி படிஞ்ச கணினி ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. போன் எடுத்துப் பேச ஆள் இல்லைன்னா எந்த மென்பொருளும் பேசாது.

அதனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகத்திடம் இரண்டு விஷயம் கேட்கப் போறோம். அந்த நீலப் புத்தகத்தை எங்க கையில் கொடுங்க. பேச நாங்க ஆறு பேர் இருக்கோம், வாரத்தில் இரண்டு ராத்திரி ஒதுக்குறோம். அப்புறம், ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பொருளாளர் அறிக்கைக்கு முன்னாடி பத்து நிமிஷம் வேணும். எத்தனை பேர் கேட்டாங்க, எத்தனை பேருக்குப் பதில் போச்சு, யாருக்குப் போகலை, ஏன். வரவு செலவுக்குக் கேட்கிற அதே கேள்விகள்தான்.

பழைய பெயர்களை இந்த வாரமே கூப்பிட ஆரம்பிச்சிட்டோம். சில எண்கள் இப்போ உபயோகத்தில் இல்லை. ஒருவர், "எந்தக் கோயில்?" என்று கேட்டார்.

அந்த அக்கா திரும்பி வருவாங்கன்னு நாங்க எதிர்பார்க்கலை. அது அவங்க முடிவு, அதில் பேச நமக்கு உரிமை இல்லை. ஆனா கணவருக்குத் திதி வருது, அதை மட்டும் நம்ம முறைப்படி செய்யணும்னு கேட்டிருக்காங்க. குருக்களிடம் பேசியாச்சு. தேதியும், பொறுப்பான ஆளும் அட்டவணையில் ஏறியாச்சு.