கோஸ்தான்!

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய சந்துகளில் சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அது முன்னோர் செய்த புண்ணியம். கிடைத்த இடத்திலும் யாராவது ஒரு தம்பி வந்து நின்று கையை ஆட்டுவான்: "கோஸ்தாண்ணே, கோஸ்தான்... ஒடிங்க... இன்னும் கோஸ்தான்... ஆ, போதும்!" தமிழ்நாட்டு விருந்தாளி பக்கத்தில் இருந்தால் முழிப்பார். அவர் ஊரில் "ரிவர்ஸ் எடு", "வரலாம் வா" என்பதோடு சரி.

கோஸ்தான் ஒரு கப்பல் உத்தரவு. ஆங்கிலேயரின் போர்க்கப்பலிலும் வணிகக் கப்பலிலும் மேலிருந்து அதிகாரி 'கோ அஸ்டர்ன்' என்றால், கீழே இயந்திர அறையில் விசையை மாற்றுவார்கள். உந்துவிசிறி எதிர்ப்பக்கம் சுழலும், கப்பல் பின்னால் நகரும். கப்பலுக்கு பிரேக் ஏது? ஓடுகிற கப்பலை இழுத்து நிறுத்தவும் இதே உத்தரவுதான். 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமில், 'ராஜூலா' கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், மலேசியத் தமிழர்களாகிய நாம். துறைமுகத்துக்கு 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. கப்பல்காரன் சொல் மட்டும் லோரியில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டது.

கப்பல் சொல்லைப் போலப் பட்டாளத்துச் சொல் ஒன்றும் நம்மிடம் இருந்தது: பெரட்டு. 'பரேட்' என்பதுதான் ரப்பர் தோட்டத்தில் அப்படி ஆனது. இருட்டு பிரியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, கிராணி என்ற தோட்டக் குமாஸ்தா பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். தாமதமாக வந்தவன் பாடு அவனுக்குத்தான் தெரியும். ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெரட்டு இன்று பெரியவர்கள் பேச்சிலும் பழைய சிறுகதைகளிலும்தான் கிடக்கிறது. போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

கோஸ்தானை அப்படி விட முடியாது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளி நெரிசலைப் பாருங்கள். சரக்கு இறக்க வந்த லோரியில் சீன டிரைவர், பின்னால் நின்று வழிகாட்டுவது பூக்கடைத் தமிழ்ப் பையன், "சீக்கிரம்" என்று விசில் ஊதுவது மலாய் போலீஸ்காரர். மூன்று பேருக்கும் அந்த நேரத்தில் ஒரே சொல்தான். கொடுத்த வாக்கிலிருந்து நழுவுகிற அரசியல்வாதியையும் "கோஸ்தான் போட்டுட்டாரு" என்று நாம் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறோம். 'பின்வாங்கினார்' என்பதில் இந்த நக்கல் வராது.

தமிழாசிரியர்களே, மாணவர் கட்டுரையில் கோஸ்தான் வந்தால் தாராளமாகச் சிவப்பு மையால் சுழியுங்கள். சிறுகதையில் கிள்ளான் லோரிக்காரர் வாய் திறக்கும்போது மட்டும் "வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்துக" என்று திருத்திவிடாதீர்கள்.