குட்டிப் பெயரை நம்பிக் கணக்கு வைக்கலாமா?

பொன்னமராவதிக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். இங்கே முக்கால்வாசி ஃபைல்கள் ஊர்ப் பெயரில்தான் தொடங்கும்: பொன்னமராவதி வரவு, பொன்னமராவதி சரக்கு, பொன்னமராவதி பாக்கி. ஆங்கிலத்தில் அடித்தால் எல்லாவற்றுக்கும் முதல் ஆறு எழுத்து ஒன்றுதான். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டாஸ் காலத்தில் ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று. 1995-இல் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரை வைத்துக்கொள்ள விட்டது. பழைய மென்பொருள்கள் திணறக் கூடாதென்று ஒவ்வொரு நீளப் பெயருக்கும் ஒரு குட்டிப் பெயரையும் சேர்த்தே வைத்தது: முதல் ஆறு எழுத்து, ஒரு நெளிக்கோடு, அப்போது காலியாக இருக்கும் ஓர் எண். தமிழில் பெயர் வைத்தால் நம் எழுத்து ஒன்றுகூட அதில் வராது.

ஒரு பாத்திரக்கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஃபைல்களை அதில் நகலெடுத்தார்கள். மறுநாள் காலை பில் போடும் பெண்ணிடமிருந்து போன்: "அண்ணே, அடைச்ச கடனெல்லாம் பாக்கின்னு காட்டுது." போய்ப் பார்த்தேன். யாரோ எப்போதோ எழுதிய அந்த மென்பொருள், பாக்கி ஃபைலைக் குட்டிப் பெயரில் குறித்து வைத்திருந்தது. பழைய டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தபோது காலியான எண் 1, நடப்பாண்டுக் கணக்குக்குப் போயிருந்தது. புது டிஸ்க்கில் பெயர் வரிசைப்படி நகலானதால் அதே 1 முந்தைய ஆண்டுக்கு விழுந்துவிட்டது. ஃபைல் எதுவும் அழியவில்லை. ஆனால் கடன் அடைத்தவரிடமே மறுபடி பணம் கேட்டுவிட்டார்கள். சிற்றூரில் அந்த அவமானம் சின்ன விஷயமில்லை.

ஆகவே சொல்கிறேன்: குட்டிப் பெயரில் ஒரு பாதை வந்தால், உள்ளே வாங்கும் இடத்திலேயே அதை முழுப் பெயராக்கிவிட வேண்டும். சேமிப்பதும் திரையில் காட்டுவதும் முழுப் பெயராகவே இருக்கட்டும். இதற்கான 'கெட் லாங் பாத் நேம்' என்ற செயற்கூறு விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. ஃபைல் அந்த இடத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். அழித்த பிறகோ நகர்த்திய பிறகோ கேட்டால் பிழைதான் வரும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் செல்லாது.

'நாங்கள் குட்டிப் பெயரே எழுதுவதில்லை' என்பார்கள் இளைஞர்கள். ஆனால் பயனர் பெயர் நீளமாக இருந்தால், தற்காலிக ஃபோல்டரின் பாதையைப் பல கணினிகளில் விண்டோஸே குட்டிப் பெயரில்தான் தருகிறது. ஒரே ஃபோல்டர் இரண்டு பெயரில் வர, நிரல் அவற்றை வேறு வேறு என்று எண்ணிவிடுகிறது. முழுப் பெயர் வைத்தால் பாதைக்கான 260 எழுத்து வரம்பைத் தாண்டிவிடும் என்ற பழைய சாக்கும் இனி எடுபடாது. 2016-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே அதைத் தளர்த்த வழி வந்துவிட்டது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் நிரலாக்கச் செய்முறைத் தேர்வில் இதை ஒரு கேள்வியாக வையுங்கள். ஒரே ஊர்ப் பெயரில் தொடங்கும் ஐந்து ஃபைல்களைக் கொடுத்து, வேறு டிஸ்க்குக்கு மாற்றி, மாணவரின் நிரல் சரியானதைத் திறக்கிறதா என்று பாருங்கள்.